பொன்னேரி, பழவேற்காடு சைக்கிள் பயணம்: எங்கிருந்து தொடங்கலாம்?

தண்டையார்பேட்டை_தென்றல்:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து வரும் சனி, ஞாயிறு நானும் என் தம்பியும் என் மகனும் (13 வயது) பழவேற்காடு வரை சைக்கிளில் போய் வரலாம் என்று இருக்கிறோம். இதுவரை நாங்கள் அதிகமாகப் போனது பெசன்ட் நகர் வரை போய் வந்ததுதான். மூன்றும் சாதாரண கியர் சைக்கிள்.

நான் போட்ட திட்டம் இது. சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பி திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், காட்டூர் வழியாகப் பழவேற்காடு. இரவு பொன்னேரியில் தம்பியின் நண்பர் வீடு. ஞாயிறு வந்த வழியே திரும்புவது. மேப்பில் பார்த்தால் எல்லாமே சமதளம், ஒரு மேடு கூட இல்லை. அதனால் அறுபது கிலோமீட்டர் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சரிதானா?

பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு பாதை மேப்பில் கோடு மாதிரி தெரிகிறது. அதில் போக முடியுமா? பூநாரை அந்த நேரத்தில் இருக்குமா?

என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கேரியரில் உட்காரவைத்து எண்ணூர் முகத்துவாரம் வரை மிதிப்பார். அந்த ஆற்றை என் மகன் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். அதனால்தான் இந்தப் பயணத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் போய் வர வேண்டும் என்று இவ்வளவு கேட்கிறேன்.

கத்திவாக்கம்_ஆள்:

சகோதரி, நீங்கள் எழுதிய ஊர்களெல்லாம் சரி, திசைதான் தப்பு. நான் பிறந்தது வளர்ந்தது கத்திவாக்கம், வேலை அத்திப்பட்டில். 22 வருடமாக இந்தப் பக்கமெல்லாம் சைக்கிள்தான்.

மேடு இல்லை என்பது உண்மை. ஆனால் காற்று இருக்கிறது. ஜனவரியில் காலையில் வடக்கு, வடமேற்கிலிருந்து மெல்ல வரும். பதினொரு மணி வாக்கில் கடற்காற்று எழுந்துவிடும், அது வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். உப்பளத்திலும் அறுப்பு முடிந்த வயலிலும் அதைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. மேட்டில் ஏறினால் அந்தப் பக்கம் இறக்கம் வரும், கொஞ்சம் மூச்சு விடலாம். எதிர்காற்றுக்கு இறக்கமே கிடையாது, சாயங்காலம் வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் போட்ட வழியில் முதல் நாள் முழுக்க வடக்கே போகிறீர்கள். வெயில் ஏறும் நேரத்தில், பையன் களைத்துப்போன நேரத்தில், காற்று முகத்தில் அடிக்கும்.

நான் எப்போதும் வடக்கே ரயிலில் போய்விடுவேன், தெற்கே மிதித்து வருவேன். காலையில் கடலை நோக்கி, மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டி. இந்த ஒரு கணக்கு கோடையிலும் ஒத்துவரும், அப்போது காலையில் மேற்குக் காற்றே உங்களைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

அதனால் பொன்னேரியிலிருந்து தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை இரவே ஒரு குட்டி யானையில் மூன்று சைக்கிளையும் நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் இறங்கிக்கொள்ளுங்கள். (நான் மடக்கு சைக்கிளைப் பையில் கட்டி ரயிலிலேயே கொண்டுபோவேன். முழு சைக்கிளோடு கூட்டத்தில் ஏறுவது உங்களுக்கும் சிரமம், மற்றவர்களுக்கும் சிரமம்.) சனிக்கிழமை விடிந்ததும் பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு, சுமார் 18 கிலோமீட்டர். ஒன்பது மணிக்குள் ஏரிக்கரையில் இருப்பீர்கள். மூன்று மணிக்குத் திரும்பினால் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும்.

ஞாயிறு காலை பொன்னேரியில் ஆரணி ஆற்றைப் பாருங்கள், லட்சுமிபுரம் அணைக்கட்டு வரை போய் வரலாம். பிறகு தெற்கே மீஞ்சூர், அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றில் இருக்கும் வல்லூர் அணைக்கட்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வல்லூரிலிருந்து மணலி புதுநகர் வழியாகத் திருவொற்றியூர் வரும் டிபிபி (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) ரோட்டில் பையனை மிதிக்க வைக்காதீர்கள். வரிசையாகக் கண்டெய்னர் லாரி. ஓரத்தில் மணல், அதற்கப்பால் பள்ளம். குட்டி யானையை மீஞ்சூருக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் உள்ள பூமியில் கிலோமீட்டரைக் கணக்குப் போடக் கூடாது, பாலத்தைக் கணக்குப் போட வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றால் அக்கரை கூப்பிடு தூரம். சைக்கிளில் அங்கே போக வேண்டுமென்றால் சுற்றோ சுற்று. அதனால் நான் ஒரு தாளில் ஊர்ப்பெயரை எழுதுவதில்லை. பாலம், அணைக்கட்டு, ரயில்வே கேட், இவற்றுக்கு மட்டும் எண் போட்டு எழுதுவேன். என் மாமா பையன் ராட்டர்டாமில் வேலை செய்கிறான், அவன் சொல்லிக் கொடுத்தது. பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1990-களில் ஒரு சுரங்கப் பொறியாளர் ஆரம்பித்த முறையாம். பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் எண், ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. அங்கேயும் நம் பக்கம் போல ஆறு, கால்வாய், கரை, காற்று. நமக்குப் பலகை நட யாரும் இல்லை, தாளில் நாமே போட்டுக்கொள்ளலாம். உங்கள் பயணத்துக்கு எட்டு எண் போதும். அந்தத் தாளைப் பையன் கையில் கொடுங்கள், வழி சொல்வது அவன் வேலை.

கூழைக்கடா_நோக்கி:

பூநாரை பற்றி மட்டும் சொல்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏரிக்கு வரும். ஆனால் அது ஆழமில்லாத தண்ணீரில் நடந்து, தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசித் தின்னும் பறவை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தால் அதற்குக் கால் எட்டாது, தண்ணீர் குறைவான இடமாகப் பார்த்து வடக்கே போய்விடும். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அதனால் பழவேற்காடு கரையில் இல்லையென்றால் அந்த வருடம் வரவேயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இரண்டு பக்கமும் ஏரிதான், அங்கே பார்த்திருக்கிறேன்.

வழியெல்லாம் வயலில் நத்தைகுத்தி நாரை நிற்கும். அலகை மூடினாலும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும், பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். கரையோரம் உள்ளான்கள் கூட்டமாக ஓடும். என் அனுபவத்தில், சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்வரை பறவை பொறுத்துக்கொள்கிறது. நிறுத்தி, இறங்கி, அதை நோக்கி இரண்டடி வைத்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். நின்ற இடத்திலிருந்தே பைனாகுலரில் பாருங்கள்.

தண்டையார்பேட்டை_தென்றல்:

கத்திவாக்கம் அண்ணா, காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தம்பியிடம் காட்டினேன், குட்டி யானைக்குச் சொல்லிவிட்டான். கால்வாய்க் கரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? தூரம் குறையும் போலத் தெரிகிறது.

கத்திவாக்கம்_ஆள்:

கால்வாய்க் கரைக்கு ஜனவரியில் போகாதீர்கள். ஆசை எனக்கும் உண்டு. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரிக்கு நீண்டது. 1877–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இருந்த துண்டையும் வெட்டி இணைத்தார்கள். என் தாத்தா அதில் விறகுப் படகு வந்ததைப் பார்த்தவர்.

மூன்று வருடம் முன்னால், டிசம்பர் மழை விட்டு நான்கு நாள் கழித்து, அத்திப்பட்டுக்கு வடக்கே அந்தக் கரையில் இறங்கினேன். மேலே வெடித்துக் காய்ந்த மண், பார்க்க நல்ல பாதை. இருநூறு அடி போனதும் சக்கரம் கனத்தது. குனிந்து பார்த்தால் டயரே தெரியவில்லை, கறுப்புக் களிமண் பலகாரம் மாதிரி சுற்றிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்து நிற்கிறது. பின்சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது. பனை மட்டை ஒன்றை எடுத்து விரலளவு விரலளவாகச் சுரண்டினேன், பத்தடி தள்ளினால் திரும்ப அடைத்துக்கொண்டது. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்த மண்ணுக்கு மழை விட்டு ஒரு மாதமாவது வெயில் வேண்டும். மார்ச்சில் போங்கள், நானே கூட வருகிறேன்.

அப்புறம் முள். கரையெல்லாம் சீமைக் கருவேலம். டியூபுக்குப் பேட்ச் போட்டுவிட்டு டயரை அப்படியே மாட்டினால் அரை மணியில் திரும்பப் பங்க்சர், ஏனென்றால் முள் நுனி டயருக்குள்ளேயே உடைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் விரலில் ஏறும். பழைய வேட்டித் துணி ஒரு முழம் எடுத்துப்போங்கள். டயரின் உள்பக்கம் துணியை ஒரு சுற்று இழுங்கள், நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். சின்ன இடுக்கியால் பிடுங்கிவிடலாம்.

முகத்துவாரத்துக்குப் பையனைக் கூட்டிப்போனால் ஒன்று செய்யுங்கள். ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் இருக்கின்றன, மேலே காய்ந்த தரை போலத் தெரியும், கால் வைத்தால் புதையும். இறங்க விடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அலையாத்தி மரங்களின் வேரிலெல்லாம் கறுப்பாக ஏறியது. வலையை வைத்துக்கொண்டு என் தெருக்காரர்கள் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பூநாரையைப் பார்ப்பவன் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் அப்பா காட்டிய ஆறு இதுதான் என்று சொல்லுங்கள்.

பொன்னேரி_மருமகள்:

அக்கா, தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் பொன்னேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கிணற்றையும் கைப்பம்பையும் நம்ப வேண்டாம். மீஞ்சூர் பக்கம் பல வருடமாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் நீர் உள்ளே வந்துவிட்டது, என் மாமனார் நிலத்தில் நெல்லே நிறுத்திவிட்டார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பையனுக்குப் பிடிக்கும். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது புதர் மூடிய மேடு, தேடிப்போய் ஏமாற வேண்டாம். பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் வீடுகள் இருக்கின்றன. விலை கேட்டால் பேரம் பேசாதீர்கள், ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

யாராவது படகில் ஏற்றிப்போகிறேன் என்று கூப்பிட்டால் ஏறவே ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்த ஒரு குடும்பத்துப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் வரை சைக்கிளிலேயே போகலாம், ஏரியும் கடலும் இரண்டும் கிடைக்கும். அங்கிருந்து தெற்கே காட்டுப்பள்ளி போகும் கடலோரச் சாலையில் கருங்காலி பக்கம் மணல் மூடிவிடும், அதில் இறங்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை_தென்றல்:

போய் வந்துவிட்டோம். ஏரி நிரம்பிக் கிடந்தது. பூநாரை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரிதான், பையன் பைனாகுலரில் எண்ணி நாற்பது வரை வந்தான், அப்புறம் குழம்பிவிட்டது. நத்தைகுத்தியின் அலகு இடைவெளியை முதலில் பார்த்தவன் தம்பி. மூன்று மணிக்குத் திரும்பும்போது காற்று தள்ளியது பாருங்கள், திருப்பாலைவனம் வரை பையன் எங்களுக்காக நின்று நின்று போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது எண்ணுக்கும் ஏழாவது எண்ணுக்கும் நடுவில் என் பின்சக்கரம் இறங்கியது. புடவைக் கிழிசல்தான் இருந்தது, அதை இழுத்தோம், இரண்டாவது சுற்றில் நூல் மாட்டியது. அரை அரிசி நீளம் கூட இல்லை அந்த முள். பையன் அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

வரும் வழியில் குட்டி யானைக்காரரை முகத்துவாரத்தில் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். அப்பா சைக்கிளைச் சாய்த்து வைக்கும் கல் இல்லை. அக்கரைக்குப் போக எது பாலம் என்று பையன் கேட்டான். தாளில் தேடினான், அதற்கு எண் போடவில்லை.

அண்ணா, மார்ச்சில் கால்வாய்க் கரை என்றீர்களே, இரண்டாவது ஞாயிறு சரியாக இருக்குமா?