மறு: பள்ளிக்கூடப் புளியங்கொட்டை விளையாட்டுக்கு ரூ. 6,000

ஊர்ச் சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்குப் பழவேற்காடு போய்வந்தேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மறுபடி தூர்ந்து கிடக்கிறது. கடல் தண்ணீர் ஏறாமல் ஏரிக்குள் இறால் குஞ்சு ஏது என்று மச்சான் புலம்பினார்.

அக்காள் மகள் தன் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்தினாள். தட்டுதான் ஏரி; 20 புளியங்கொட்டைதான் இறால். சுற்றி ஐந்து பிள்ளைகள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது, வேண்டியதை அள்ளலாம். மிஞ்சியது அடுத்த சுற்றில் இரட்டிக்கும், 20க்கு மேல் ஏறாது. விசில் அடித்த கையோடு தட்டு காலி! அடுத்த ஆட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டதும், ஒரு சிறுமி "ஆளுக்கு இரண்டு" என்றாள். பத்து போனால் பத்து நிற்கும், மறுபடி இருபது. கடைசி வீட்டுப் பையன் மட்டும் மூன்றாவது கொட்டையை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டான். அவன் தாத்தாவைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லா வகுப்புக்கும் இதை நடத்தி, பிள்ளைகளைப் படகில் ஏரிக்குள் அழைத்துப்போக ரூ. 6,000 கேட்கிறாள்.

— அபுதாபி

அண்ணா,

புளியங்கொட்டைக்கு ஆறாயிரமா? யார் படகு, வாடகை என்ன? உங்கள் மச்சான் படகென்றால் அதையும் எழுதவும். போன திருவிழாவில் மிஞ்சிய பணத்துக்கே இன்னும் கணக்கு வரவில்லை. ஏரியில் மிஞ்சினால் இரட்டிக்கிறது, சங்கத்தில் மிஞ்சினால் கரைகிறது.

— முன்னாள் பொருளாளர், சென்னை

தம்பிகளா,

கணக்கு இருக்கட்டும். நமக்கே பாடம் நடத்துகிறார்களா? ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இறால் பிடிக்கும் சுத்துவலைக்கு இன்னார்க்கு இன்ன பாடு (ஏரியில் வலை கட்டும் இடம், அதற்கான உரிமை), இன்ன நாள் என்று பிரித்தவர்கள் நாம். பொதுவில் உள்ளதை மக்களே காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்பா அதைக் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

ஆனால், ஒரு சிறுமி பங்கு பிரித்தாள் என்று படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாடு ஆண்பிள்ளைக்குத்தானே? எங்கள் வீட்டில் மூன்றும் பெண். அப்பாவுக்குப் பிறகு எங்கள் பாடு எந்த வீட்டுக்குப் போனது என்று இங்கே இரண்டு பேருக்குத் தெரியும். அம்மா கருவாட்டுக் கூடை சுமந்துதான் எங்களைப் படிக்கவைத்தாள்.

ஆறாயிரத்தையும் நானே அனுப்புகிறேன். படகு மட்டும் அந்த வீட்டுப் படகாக இருக்கக் கூடாது.

— சிங்கப்பூர் அக்கா