புதுப்பிப்பு: ஆடு, கோழி வளர்ப்பில் ஒரு வருடம்

ஆடும் கோழியும் வாங்கப் போகிறோம், குடும்பமாகச் சமாளிக்க முடியுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். முடிகிறது. கோழிகள் பெரிதாகத் தொல்லை தரவில்லை; இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றது, அப்புறம் தானாகவே திரும்பியது.

ஆடுகளுக்குத்தான் முழுக் கவனமும் வேண்டும். சினை சுமார் 150 நாள். முதல் ஈற்றிலேயே இரட்டைக் குட்டிகள். இரண்டாவது எழவே இல்லை. மூக்கில் இருந்த சளியைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, சீம்பாலைக் கறந்து ஊட்டினோம். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்பு கிடைக்கும். இப்போது மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

குடற்புழு பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. புழு இரத்தத்தை உறிஞ்சினால் ஆட்டின் கீழ் இமையின் உட்புறம் வெளுத்துவிடும் என்பதால், அதை விலக்கிப் பார்க்கிறோம். வெளுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவர்தான். அடுத்து, கிடாவைத் தனியே கட்ட ஒரு கொட்டில் போட வேண்டும்.