தனி ஆள், டர்பன்லயே ரிட்டையர் ஆகணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

நாஞ்சில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 53, கல்யாணம் பண்ணிக்கல, இனிமே பண்ற உத்தேசமும் இல்ல (அதுக்கு யோசனை கேக்கல, முன்னாடியே சொல்லிடறேன்). ஊரு நாகர்கோவில், இங்க தென்னாப்பிரிக்கா வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, பி.ஆர். (நிரந்தரமா தங்கற உரிமை) இருக்கு, டர்பன்ல ஒரு ஆஸ்பத்திரி பார்மஸில வேலை. ஓவர்போர்ட்ல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், பாண்ட் (வீட்டுக் கடன்) இன்னும் கொஞ்ச வருஷத்துல முடிஞ்சிரும். கம்பெனி பிராவிடண்ட் ஃபண்ட், அது போக தனியா ஒரு ஆர்.ஏ. (ரிட்டையர்மெண்ட் அன்யூட்டி, ஓய்வுக்குன்னு நாமளே கட்டற சேமிப்பு), ரெண்டும் சேந்து 60 வயசுல இன்னைக்கு மதிப்புக்கு மூணு மில்லியன் ரேண்ட் கிட்ட வரும்னு அட்வைஸர் சொல்றார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரி) வேலைல சேந்ததுலேர்ந்து விடாம கட்டிட்டு வரேன்.

பிரச்சனை என்னன்னா அட்வைஸர் காட்டற ஒவ்வொரு ஃபாரத்துலயும் ஸ்பவுஸ், பிள்ளைங்கன்னு கட்டம் கட்டமா இருக்கு, எனக்கு எல்லாமே காலி. அண்ணன் ஊர்ல இருக்கான், இங்க வந்துரு, மாடில ஒரு ரூம் போட்டுத் தரேன்னு போன் பண்ணும்போதெல்லாம் சொல்றான். நல்ல மனசுலதான் சொல்றான், ஆனா எனக்கு என் வீடு, என் சாவி, சாயந்தரம் பீச்ல நடக்கறது இதெல்லாம் விட்டுட்டுப் போக மனசில்ல. தனியா இருந்து ரிட்டையர் ஆனவங்க, ஆகப் போறவங்க இருந்தா சொல்லுங்க, பணம் போதுமா, வயசானா எங்க இருக்கறது, முடியாமப் போனா யாரு பாப்பாங்க?

---

வரிக்காரன்_ஜோபர்க்:

அக்கா, நான் கணக்கு மட்டும் பேசறேன், எல்லாம் 2025 நிலவரம்.

மூணு மில்லியன்ல வருஷம் 5 சதவீதம் எடுத்தா 150,000, மாசம் 12,500 ரேண்ட். சொந்த ஃபிளாட், பாண்ட் இல்லைன்னா ஓடும், ஆனா லெவி (ஃபிளாட் பராமரிப்புக் கட்டணம்), ரேட்ஸ் (முனிசிபல் வரி), மெடிக்கல் எய்ட் மூணும் சேந்தே அதுல பெரும்பங்கு முழுங்கிடும், இந்த மூணும் பொதுவா விலைவாசிய விட வேகமா ஏறுது, அதனால 60ல நிறுத்தாம 63, 65 வரைக்கும் பார்ட் டைமாவது பாருங்க. பார்மசிஸ்ட்டுக்கு லோக்கம் (லீவுல போறவங்களுக்கு பதிலா பாக்கற) வேலை எப்பவும் கிடைக்கும், உங்களுக்குத் தெரியாததா. வரியிலயும் வித்தியாசம் இருக்கு, 2025 கணக்குப்படி 65க்குக் கீழ வருஷம் 95,750 வரைக்கும்தான் வரி இல்ல, 65 ஆனா 148,217 வரைக்கும் இல்ல.

2024 செப்டம்பர் 1லேர்ந்து டூ பாட் (ரிட்டையர்மெண்ட் பணத்த ரெண்டு பானையா பிரிக்கற முறை) வந்துருச்சுல்ல, அதுக்கப்புறம் கட்டற பணத்துல மூணுல ஒரு பங்கு சேவிங்ஸ் பாட்டுக்குப் போவுது, அதுலேர்ந்து வரி வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம், குறைஞ்சது 2,000. எல்லாரும் எடுக்கறாங்களேன்னு நீங்களும் எடுக்காதீங்க, இப்ப எடுத்தா சம்பளத்தோட சேத்து முழு வரி, ரிட்டையர் ஆகும்போது ரொக்கமா எடுத்தா முதல் 550,000க்கு வரி கிடையாது. ஒரே பணம்தான், எப்ப எடுக்கறோம்ங்கறதுலதான் இருக்கு. இப்ப சம்பளம் வரும்போதே ஆர்.ஏ.ல கூட்டிக் கட்டுங்க (வருமானத்துல 27.5 சதவீதம் வரைக்கும், 2025ல உச்ச வரம்பு 350,000, வரில கழியும்), அப்புறம் டேக்ஸ் ஃப்ரீ அக்கவுண்ட்ல வருஷம் 36,000 (2025 வரம்பு). அதுக்கு மேல போட்டுடாதீங்க, கூடுதல் தொகைக்கு 40 சதவீதம் புடிச்சிருவாங்க.

தனி ஆளுக்கு ஒரு லாபம் இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. லைஃப் அன்யூட்டி (மொத்தமா ஒரு தொகை கட்டினா சாகற வரைக்கும் மாசாமாசம் வர்ற பென்ஷன்) வாங்கும்போது புருஷன் பொண்டாட்டின்னா ஒருத்தர் போனாலும் இன்னொருத்தருக்கு வரணும்னு ஜாயிண்டா எடுப்பாங்க, அதனால மாசப் பணம் குறையும். நீங்க சிங்கிள் லைஃப் எடுத்தா அதே முதலுக்குக் கூட வரும், உயிரோட இருக்கற வரைக்கும் வரும், போனதும் நின்னுடும், பிள்ளை குட்டி இல்லாதவங்களுக்கு அதுல நஷ்டம் என்ன? லிவிங் அன்யூட்டில (பணம் உங்க பேர்லயே முதலீடா இருக்கும், அதுலேர்ந்து எடுத்துக்கறது) மிச்சம் வாரிசுக்குப் போகும்தான், ஆனா எவ்வளவு எடுக்கறதுன்னு (2.5லேர்ந்து 17.5 சதவீதம்) ஒவ்வொரு வருஷமும் நீங்கதான் முடிவு பண்ணணும், 85 வயசுல அந்த முடிவ யாரு எடுப்பா? என் யோசனை, லெவி, மெடிக்கல் எய்ட், சாப்பாடு இந்த மூணுக்கும் விலைவாசியோட சேந்து ஏறற லைஃப் அன்யூட்டி, மிச்சத்துக்கு லிவிங்.

---

செட்ஸ்வொர்த்_அக்கா:

தங்கச்சி, நான் இங்கயே பொறந்தவ, ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனேன், நானும் தனிதான், வயசு 71. கவர்மெண்ட் பென்ஷன் வருது, அதனால பணத்தப் பத்தி அந்தத் தம்பி சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் இல்ல.

முதல்ல உன் வாசக் கம்பி கேட்டப் பாரு. சிரிக்காத. எங்க தெருவுல ஒரு அம்மா, 80 தாண்டினவங்க, பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, உள்ள பர்க்லர் கேட் பூட்டி சாவிய பூட்டுலயே விட்டிருந்தாங்க, வெளில பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட ஸ்பேர் சாவி இருந்தும் உள்ள சாவி நிக்கறதால திரும்பல, கேட்ட அறுக்க ஆள் வர்ற வரைக்கும் அந்தம்மா ஈரத் தரையில கிடந்தாங்க. ஜன்னல்லாம் கம்பி, நம்ம வீடுதான் ஜெயில் மாதிரி கட்டி வச்சிருக்கோமே. அதனால ராத்திரி பூட்டினதும் சாவிய உருவி ஒரு ஆணில மாட்டு, ஸ்பேர் ரெண்டு பேர் கிட்ட குடு, ஒருத்தர் உன் பிளாக்லயே, இன்னொருத்தர் கார்ல வந்து சேர முடியற தூரத்துல. நாங்க அஞ்சு பேர் வாட்ஸாப்ல காலைல ஏழு மணிக்குள்ள ஒரு பூ படம் போடணும், போடலேன்னா போன், போன் எடுக்கலேன்னா ஆள் நேர்ல. பூ படத்தப் பாத்து பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

எங்க இருக்கறதுன்னு கேட்ட. ரிட்டையர்மெண்ட் வில்லேஜ்ல லைஃப் ரைட்னு விப்பாங்க, வீடு உன் பேருக்கு வராது, சாகற வரைக்கும் இருக்கற உரிமைதான், 1988ல போட்ட சட்டம் அதுக்கு இருக்கு. நான் ஒரு இடத்துல காண்ட்ராக்ட வாங்கிட்டு வந்து வீட்ல உக்காந்து படிச்சேன். கிளம்பினா போட்ட பணத்துல ஒரு பங்குதான் திரும்பும், அதுவும் அடுத்த ஆள் வாங்கின அப்புறம்தான், அது வரைக்கும் காலி வீட்டுக்கு லெவி நீதான் கட்டணும்னு சின்ன எழுத்துல இருந்துது. இன்னொண்ணு, ஃபிரெயில் கேர் (முடியாமப் போனவங்களப் பாத்துக்கற ஏற்பாடு) இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க, காண்ட்ராக்ட்ல இடம் இருந்தா மட்டும்னு எழுதியிருந்துது. நான் வாங்கல. எல்லாமே அப்படின்னு சொல்லல, நீ போய் பாரு, பணத்தக் கட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு இடத்தயும் விரல் வச்சுப் படி. செட்ஸ்வொர்த்ல ஆரியன் பெனவலண்ட் ஹோம் இருக்கு, 1921லேர்ந்து நடக்குது, நம்ம சாப்பாடு, நம்ம பூஜை, அங்கயும் வாலண்டியரா ஒரு தடவை போய் பாரு, வயசானவங்கள எப்படிப் பேசறாங்க, எப்படித் தூக்கறாங்கன்னு உனக்கே தெரிஞ்சிரும்.

சந்தோஷத்துக்கு நார்த் பீச்ல சனிக்கிழமை காலைல பார்க்ரன்னு ஒரு ஓட்டம் நடக்குது, அஞ்சு கிலோமீட்டர், காசு கிடையாது, நடக்கவும் செய்யலாம், நான் கடைசியில வருவேன். ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது கோயில்ல வெங்காயம் உரிக்க ஆள் பத்தாது, அதுக்கும் வா.

---

வெள்ளவத்தையான்:

அக்கா, நான் யாழ்ப்பாணம், கொழும்பு, இப்ப ஜோஹன்னஸ்பேர்க். எங்கட சித்தப்பா கலியாணம் முடிக்கேல்லை, போன வருசம் வரை நான்தான் பாத்தனான், அதால ஒரு விசயம் சொல்லோணும், இதை ஒருத்தரும் சொல்லீனமில்லை.

பவர் ஒஃப் அட்டர்னி (எனக்குப் பதிலா இன்னொராள் என்ர காசு, சொத்தைப் பாக்கலாம் எண்ட பேப்பர்) எழுதிக் குடுத்திட்டன், இனிப் பயமில்லை எண்டு கன பேர் இருக்கினம். இந்த நாட்டில உங்களுக்கு நினைவு தப்பினா அந்தப் பேப்பரும் செத்திடும். நீங்களே செய்யேலாத ஒண்டை உங்களுக்காக இன்னொராள் செய்யேலாது எண்டுதான் சட்டம். இந்தியாவில, இங்கிலாந்தில எப்பிடியோ, இங்க நிலைச்சு நிக்கிற பவர் ஒஃப் அட்டர்னி எண்டு ஒண்டு இல்லை. சித்தப்பாவுக்கு டிமென்சியா எண்டு டொக்டர் எழுதின உடன வங்கியில நான் அதை வச்சு ஒரு சதமும் எடுக்கேலாமப் போச்சு, அவற்ற காசு அங்க கிடக்கு, நான் என்ர வங்கிக் கார்ட்டில நேர்சுக்குக் காசு கட்டினன். பிறகு ரெண்டு வழிதான். ஒண்டு ஹை கோர்ட்டில கியூரேட்டர் (அவற்ற காசு, சொத்தைப் பாக்க கோர்ட் நியமிக்கிற ஆள்) போடுறது, நல்லாச் செலவு. மற்றது 2002ம் ஆண்டு மென்டல் ஹெல்த் கெயார் சட்டத்தில மாஸ்டர் ஒஃபிசுக்கு (இப்பிடிச் சொத்து விசயம் பாக்கிற அரசாங்க அலுவலகம்) விண்ணப்பிச்சு அட்மினிஸ்ட்ரேட்டர் போடுறது, செலவு குறைவு, ஆனா நாள் இழுக்கும். நாங்கள் ரெண்டாவதுதான் செய்தனாங்கள்.

அதால இப்பவே, நல்லா இருக்கேக்க, ஒரு வக்கீலோட இருந்து டிரஸ்ட் (சொத்தை உங்களுக்காக வேற ஆக்கள் பாக்கிற ஏற்பாடு) ஒண்டு சரிவருமோ எண்டு கேளுங்கோ, சொத்துக் கொஞ்சம் எண்டா அதுக்குச் செலவு கட்டாது, ஒரு ஃபிளாட்டுக்காக மட்டும் நான் செய்ய மாட்டன். ஆனா ஆஸ்பத்திரி விசயத்துக்கு ஒரு பேப்பர் காணும். 2003 நெஷனல் ஹெல்த் சட்டத்தில 7ம் பிரிவு, உங்களுக்குப் பேசேலாமப் போனா ஆர் சம்மதம் குடுக்கிறது எண்டு நீங்கள் எழுத்தில ஒராளைச் சொல்லலாம், சொந்தக்காரரா இருக்கோணும் எண்டில்லை. சொல்லாட்டி மனுசன் மனுசி, தாய் தகப்பன், பாட்டன் பாட்டி, வளந்த பிள்ளை, சகோதரம் எண்டு வரிசையாப் போகும், உங்களுக்கு அது நாகர்கோவில் அண்ணைக்குத்தான் போய் நிக்கும். இரவு ரெண்டு மணிக்கு ஐ.சி.யு.வில இருந்து அவருக்கு போன் எடுக்கோணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

---

நாஞ்சில்காரி:

அய்யோ, பவர் ஆஃப் அட்டர்னி விஷயம் கேள்விப்பட்டதே இல்ல, போன மாசம்தான் கூட வேலை பாக்கற ஃப்ரெண்டு பேருக்கு ஒண்ணு எழுதலாம்னு பேசிட்டிருந்தேன். அக்கா, கேட் சாவி இன்னைக்கே ஆணில மாட்டியாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. அண்ணன் சொல்றபடி ஊருக்கே போறதுன்னா இங்க இருக்கற பணம் என்ன ஆகும்? அப்புறம் ஃபண்ட்ல நாமினின்னு அண்ணன் பொண்ணு பேர எழுதியிருக்கேன், அவ படிப்புக்கு மாசாமாசம் அனுப்பிட்டிருக்கேன், அது போதும்ல?

---

வரிக்காரன்_ஜோபர்க்:

ரெண்டாவதுக்கு முதல்ல. நாமினி ஃபாரம் ஃபண்ட நடத்தற டிரஸ்டிங்களுக்கு ஒரு குறிப்பு மாதிரிதான், கட்டளை கிடையாது. பென்ஷன் ஃபண்ட்ஸ் ஆக்ட் 37சி படி உங்கள நம்பி இருந்தவங்க யார் யாருன்னு அவங்க தேடணும், அதுக்கு 12 மாசம் வரைக்கும் இருக்கு, அப்புறம் நியாயமா பாத்துப் பிரிப்பாங்க. நம்பி இருந்தவங்க யாருமே இல்லேன்னாதான் நாமினிக்கு நேரா போகும். உங்க மருமக விஷயத்துல நீங்க அனுப்பற பணமே நல்ல சாட்சி, பேங்க் ஸ்லிப்ப எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. ஃபிளாட்டும் மத்ததும் இதுல வராது, அதுக்கு வில் வேணும். வில் இல்லாமப் போனா 1987 சட்டப்படி அப்பா அம்மாவுக்கு, அவங்க இல்லேன்னா கூடப்பொறந்தவங்களுக்கு. எக்ஸிக்யூட்டர் (போனப்புறம் சொத்தப் பிரிச்சுக் குடுக்கறவர்) ஃபீஸ் 3.5 சதவீதம் பிளஸ் வாட், பேரம் பேசலாம், வில் எழுதும்போதே பேசிடுங்க.

ஊருக்குப் போறதுக்கு அவசரப்படாதீங்க. 55 வயசுக்கு முன்னாடி ஆர்.ஏ.ய உடைக்கணும்னா வரிக்கணக்குல இந்த நாட்ட விட்டு மூணு வருஷம் ஆகியிருக்கணும். மூணு வருஷத்துக்கு மேல வராம இருந்தா பி.ஆர்.க்கே ஆபத்து. அத விடப் பெருசு மெடிக்கல் எய்ட், விட்டுட்டுப் போய் மூணு மாசத்துக்கு மேல இடைவெளி விழுந்து திரும்பி வந்தீங்கன்னா மூணு மாசம் வெயிட்டிங், ஏற்கனவே இருக்கற சுகர், பிபிக்கு 12 மாசம் வரைக்கும் கவர் இல்லாம வைக்கலாம். 35 வயசுக்கப்புறம் கவர் இல்லாத வருஷங்களச் சேத்து லேட் ஜாயினர் பெனால்டியும் இருக்கு, மாசக் கட்டணத்துல 5லேர்ந்து 75 சதவீதம் வரைக்கும், அது காலத்துக்கும் போகாது. போய் ஆறு வாரம் அண்ணன் வீட்ல இருந்து பாத்துட்டு வாங்க, மெடிக்கல் எய்ட்ட மட்டும் நிறுத்தாதீங்க.

---

செட்ஸ்வொர்த்_அக்கா:

ஆறு வாரம் மாடி ரூம்ல இருந்தா அண்ணி மூஞ்சி சொல்லிரும், கணக்கே வேணாம்.

---

நாஞ்சில்காரி:

😂 அண்ணி நல்லவங்கக்கா. வில்லுக்கு சாட்சி பார்மஸில கூட வேலை பாக்கற ரெண்டு பேர் போடலாமா?

---

வரிக்காரன்_ஜோபர்க்:

போடலாம். 14 வயசாவது ஆகியிருக்கணும், ரெண்டு பேரும் உங்க கண்ணு முன்னாடி ஒரே நேரத்துல போடணும். வில்லுல அவங்க பேருக்கோ அவங்க வீட்டுக்காரர் பேருக்கோ எதுவும் எழுதிடாதீங்க, எழுதினா அது கிடைக்காமப் போகலாம். அந்த ஃப்ரெண்டுக்கு ஏதாவது குடுக்கறதா இருந்தா அவங்கள விட்டுட்டு வேற ஆளப் பிடிங்க. ஒரிஜினல் எங்க இருக்குன்னு அண்ணனுக்கு இன்னைக்கே ஒரு மெசேஜ்.