வெயிலில் மலை ஏறினால் நிற்கும் அம்பாசிடர், அலட்டாமல் ஏறும் வேகன் ஆர்: என்ன வித்தியாசம்?

கேள்வி:
வணக்கம். அப்பா வைத்திருந்த 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும், சமதரையில் எவ்வளவு தூரமும் போகும். ஆனால் மத்தியான வெயிலில் ஏற்காடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே போக வேண்டியிருக்கிறதா, பாதி மலையில் திணறித் திணறி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் எதுவும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அதே ரோட்டில் எங்கள் வேகன் ஆர் ஏசியோடு ஏறுகிறது. கார்புரேட்டர் சுத்தம் செய்தாயிற்று, பிளக், பாயின்ட் எல்லாம் புதுசு. வீட்டில் விற்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை.

பதில் 1:
விற்காதீர்கள் தம்பி. வேப்பர் லாக் மாதிரி இருக்கிறது, அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. அம்பாசிடரில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே மாட்டியிருக்கும், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து அது உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும், உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் சூட்டில் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகிவிடும், ஆவியை அந்த பம்பால் தள்ள முடியாது. போதாததற்கு கார்புரேட்டர் இருப்பதே இன்ஜின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேல். வேகன் ஆரில் எலக்ட்ரிக் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அதிக அழுத்தத்தில் தள்ளுகிறது, அதனால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. ரேடியேட்டர் ஃபேனும் அப்படித்தான்: உங்களுடையது பெல்ட்டில் சுற்றுவது, மெதுவாக ஏறினால் காற்றும் குறைவு.

நின்றவுடன் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள், பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்ததுதான். உடனே எடுத்தால் சந்தேகமே இல்லை.

பதில் 2:
பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் காயிலையும் விட்டுவிடாதீர்கள் சார். சூடானால் ஸ்பார்க் செத்து, ஆறினால் திரும்ப வரும், அறிகுறி அச்சு அசல் இதேதான். நின்ற இடத்திலேயே ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை ஓட்டாமல் ஆக்சிலரேட்டர் லிங்க்கை அசையுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் காயில், கண்டென்சர் பக்கம் போங்கள். வறண்டு கிடந்தால் அண்ணன் சொன்னதுதான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டையும் பார்த்தேன். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை, ஈரத்துணி போட்ட கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டது. அப்படியானால் புது வண்டியில் இருக்கிற எலக்ட்ரிக் பம்பையே வாங்கி மாட்டிவிடலாமா?

பதில் 1:
அதை மட்டும் மாட்டாதீர்கள்! புது வண்டியில் இருப்பது இன்ஜெக்ஷன் பம்ப், அதன் அழுத்தத்துக்குக் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் பொங்கி வழியும், கீழே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது, தீப்பிடித்துவிடும். முதலில் செலவில்லாத வேலை: குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள். ரப்பர் குழாய் பழசாக இருந்தால் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அரித்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டர் வண்டிக்கென்றே குறைந்த அழுத்த பம்ப் இருக்கிறது, அதை டேங்க் பக்கத்தில் மாட்டி, இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ரிலே வைக்கச் சொல்லுங்கள். ரிலே இல்லாமல் மாட்ட எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.