நுனி சுருளலன்னா ஜெண்ட்னரியா? இது என்ன கணக்கு?

மெட்ஃபோர்டு மீனா: தெற்கு ஓரிகன்ல, ஜாக்சன்வில் மலைச்சரிவுல எடுத்த சிவப்பு ஃப்ரிட்டில்லரி (கிழங்குல இருந்து வர்ற, தலை தொங்குற காட்டுப்பூ) போட்டோவ நேத்து ஒருத்தர் போட்டு, "இதழ் நுனி பின்னாடி சுருளல, அதனால ஜெண்ட்னரி, முடிஞ்சுது"ன்னு எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து எரிச்சலா வருது. ஜெண்ட்னரி, ரிகர்வா ரெண்டுமே செவப்பு ஃப்ரிட்டில்லரி இனம்தான். புதுசா விரிஞ்ச ரிகர்வாவுக்கும் நுனி நேராத்தானே இருக்கும்? பூவுக்குள்ள நடுவுல, சூலகத்துல இருந்து நீளுற சூலகத்தண்டப் பாருங்க. ஜெண்ட்னரின்னா பாதி வரைக்குமாவது மூணா பிளந்திருக்கும், ரிகர்வான்னா நுனியில கொஞ்சூண்டுதான்.

கிராண்ட்ஸ்பாஸ் பாலா: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம் மேடம். வருஷா வருஷம் ஏப்ரல்ல இந்த மலையெல்லாம் நடக்கிறவன் நான். ரிகர்வா பளிச்சுன்னு ஆரஞ்சு கலந்த செவப்பு, நுனி சுருண்டிருக்கும். இது அடர் செவப்பு, அதுல வெளிர் மஞ்சள் திட்டு, நுனி சுருளல. இதுக்கு மேல என்ன வேணும்?

மெட்ஃபோர்டு மீனா: சூலகத்தண்டு வேணும். உங்க போட்டோவுல அது தெரியவே இல்ல.

சிஸ்கியூ செல்வம்: 1951ல தாவரவியலாளர் ஹெலன் கில்கி ஜெண்ட்னரிய தனி இனம்னு எழுதினாங்க, அப்புறம் ரிகர்வாவும் அஃபினிஸ்ங்கிற இன்னொரு ஃப்ரிட்டில்லரியும் கலந்து வந்ததுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, அப்ப நடுவாந்திரமா சில பூ இருக்கத்தானே செய்யும். தேன்சுரப்பியப் பாருங்கப்பா, ஜெண்ட்னரில இதழ் நீளத்துல பாதிக்கு வரும், ரிகர்வாவுல அவ்ளோ வராது.

மெட்ஃபோர்டு மீனா: தேன்சுரப்பி அப்புறம் செல்வம் அண்ணா. முதல்ல சூலகத்தண்டு.

கிராண்ட்ஸ்பாஸ் பாலா: சும்மா தண்டு தண்டுன்னுட்டு! உள்ள பாக்கணும்னா பூவத் தொடணும். 1999ல இருந்து அது அழியுற நிலையில இருக்கிற இனம்னு அமெரிக்க அரசுப் பட்டியல்ல இருக்கு. நான் தொட மாட்டேன்.

மெட்ஃபோர்டு மீனா: யார் தொடச் சொன்னா? பூ தொங்கிட்டுத்தான் இருக்கு, செல்போன கீழ வெச்சு மேல பாத்து எடுத்தா போதும். சட்டம் பேசுற நீங்க எந்த வளைவுல வண்டிய நிறுத்தணும்னு வழி வரைக்கும் எதுக்கு எழுதினீங்க? நாளைக்கு எவனாவது கிழங்கத் தோண்டிட்டுப் போனா? அது விதை வைக்கிறதே அபூர்வம், கிழங்கச் சுத்தி அரிசி மணியாட்டம் ஒட்டியிருக்கிற குட்டிக் கிழங்குலதான் பெருகுது, ஒரு கொத்து போனா போனதுதான்.

கிராண்ட்ஸ்பாஸ் பாலா: உங்க கணக்குப்படி அது வெறும் ரிகர்வாதானே, அப்ப வழி எழுதினா என்ன குறைஞ்சுது?

மெட்ஃபோர்டு மீனா: ரிகர்வான்னு நான் எங்க சொன்னேன்? தண்டப் பாக்காம ஜெண்ட்னரின்னு சொல்லாதீங்கன்னு சொன்னேன்.

கிராண்ட்ஸ்பாஸ் பாலா: போன வருஷம் என் அஃபினிஸ கம்சட்கென்சிஸ்னு சொன்ன ஆள்தானே நீங்க? அது அலாஸ்கா, வாஷிங்டன் பக்கத்துச் செடி, தெற்கு ஓரிகன்ல ஏது? மறக்கல நான்.

மெட்ஃபோர்டு மீனா: சொல்லல, அதுவா இருக்குமான்னு கேட்டேன், நீங்க வெறும் இலைய எடுத்துப் போட்டதால. பூக்காத ஒத்தை இலைய வெச்சு ரிகர்வா, அஃபினிஸ், ஜெண்ட்னரி மூணையும் யாராலயும் பிரிக்க முடியாது.

பூந்தோட்டம் ராணி: இதோட கிழங்கு எங்க வாங்கலாம்?

மெட்ஃபோர்டு மீனா: பாத்தீங்களா பாலா, வந்தாச்சு.

சிஸ்கியூ செல்வம்: தேன்சுரப்பிய யாராவது பாத்தீங்களா இல்லையா?

கிராண்ட்ஸ்பாஸ் பாலா: சனிக்கிழமை போய் மறுபடி எடுத்துட்டு வரேன். நுனி அப்பவும் சுருண்டிருக்காது, எழுதி வெச்சுக்கோங்க.

மெட்ஃபோர்டு மீனா: நுனி வேணாம். சூலகத்தண்டு.