காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கிறவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு இடது காதில் கேட்பது 'ஙொய்' என்ற இரைச்சல் இல்லை. 'உஸ்... உஸ்...' என்று இதயம் துடிக்கிற அதே தாளத்தில் வரும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மாடிப்படி ஏறினால் வேகமாகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணையே துடிக்கிற மாதிரி இருக்கும். பகலில் வேலையில் மறந்துவிடும். இரவில் கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் விடியும்வரை அதோடுதான்.

முதலில் பார்த்த இடத்தில் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள். நார்மல். 'டென்ஷன்தான், நல்லா தூங்குங்க' என்று அனுப்பிவிட்டார்கள். தூங்க முடியவில்லை என்றுதானே போனேன்; அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் பார்த்த ஈ.என்.டி. டாக்டர்தான் 'நாடியோட சேர்ந்து கேட்குதா?' என்று கேட்டார். இடது தாடைக்குக் கீழே கழுத்தில் விரலால் லேசாக அழுத்தினார். சத்தம் சட்டென்று நின்றது. சிரையில் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கலாம் என்றார். (மூளைக்கு ரத்தம் போகும் தமனியும் அங்கேதான் இருக்கிறது, நீங்களாக வீட்டில் அழுத்திப் பார்க்க வேண்டாம்.) தலைவலி உண்டா, குனிந்து நிமிர்ந்தால் பார்வை மங்குகிறதா என்றும் கேட்டார். இரண்டும் இருந்தன. காதுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கண் டாக்டர் பார்த்தபோது கண் நரம்பு வீங்கியிருந்தது.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை. கூடவே சிரைகளைப் பார்க்க எடுத்த எம்.ஆர்.வி. ஸ்கேனில், மூளையிலிருந்து ரத்தம் வடிகிற பெரிய சிரை காதுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தது தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். அதை நீர் ஏறும் உயரமாகச் சொல்வார்கள்; பெரியவர்களுக்கு 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதிகம். எனக்கு அதைத் தாண்டியிருந்தது. அப்படியே விட்டால் பார்வையே போகலாமாம். அந்த அழுத்தத்தைக் குறைக்க அசிட்டசோலமைடு மாத்திரை கொடுத்து, எடையையும் குறைக்கச் சொன்னார்கள். மாத்திரையால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். கண் நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது. சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஃபேன் சத்தத்தில், வலது பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறேன். டாக்டரிடம் போனால் வெறுமனே இரைச்சல் என்று சொல்லாதீர்கள், நாடியோடு சேர்ந்து துடிக்கிறது என்று சொல்லுங்கள்.

*

எனக்கும் இதே சத்தம்தான் அக்கா, ஆனால் காரணம் ரத்தசோகை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடுவதால் கேட்கிறது என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 11-ஐத் தாண்டியபோது சத்தம் இல்லவே இல்லை. ரத்தப் பரிசோதனையை மறக்காதீர்கள், தைராய்டும் சேர்த்து.

*

என் கதை வேறு. நாடியோடு என் குரலும் காதுக்குள் முழங்கும், கண்ணை உருட்டினால் அதுகூடக் கேட்கும். சொன்னால் வீட்டிலேயே நம்பவில்லை. சி.டி. ஸ்கேனில் உள்காதில் உடல் சமநிலையை உணர உதவும் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பில் ஓட்டை தெரிந்தது. 1998-ல்தான் அமெரிக்காவில் லாயிட் மைனர் என்ற டாக்டர் இந்த நோயை விவரித்து எழுதினாராம். பலத்த சத்தம் கேட்டால் தலை சுற்றும் என்பதால் கல்யாணத்தில் மேளக்காரர்கள் பக்கம் உட்காருவதில்லை. உங்களில் யாருக்காவது அப்படிச் சுற்றினால் இதையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.