ஸ்டாகர் போடத் தெரியாதவரிடம் மைதானத்தை ஒப்படைக்கலாமா?

கோட்டுக்காரர்:
நேற்று இந்தக் குழுவில் 'பழைய ஸ்மாஷர்' எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவே இல்லை. பள்ளிகளுக்கான குறுவட்ட, மாவட்ட விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கட்டாயம் ஆக வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, "மாநில அளவில் ஆடியவனுக்குப் போட்டி நடத்தத் தெரியாதா? மீன் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பா?" என்று எழுதியிருந்தார். பத்து பேர் கைதட்டியும் இருக்கிறார்கள்.

மீன் குஞ்சு நடத்திய போட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். 200 மீட்டர் டிராக், ஆறு லேன். வெளி லேன்களில் வளைவு நீளம் என்பதால் அங்கே தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளிப் போட வேண்டும், அந்தத் தள்ளலுக்குத்தான் ஸ்டாகர் என்று பெயர். நடத்தியவர் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகம் இல்லை. பெண்கள் 200 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது லேனில் 3.52 மீட்டர் முன்னால் கோடு போட்டு வைத்திருந்தார். 3.52 என்பது 400 மீட்டர் டிராக்கில், ஒரே ஒரு வளைவு ஓடும் 200 மீட்டருக்கான அளவு. 200 மீட்டர் டிராக்கில் அதே ஓட்டம் ஒரு முழுச் சுற்று. இரண்டு வளைவு. அப்போது 7.04 வர வேண்டும். மற்ற லேன்களுக்கும் அதே பாதி அளவுதான் போட்டிருந்தார். ஆறாவது லேனில் நின்ற எங்கள் பள்ளிப் பெண் முதல் லேனில் ஓடியவளைவிடக் கிட்டத்தட்ட 19 மீட்டர் கூடுதலாக ஓடினாள். வெறுங்கால். கட்டை விரலில் பழைய துணி சுற்றியிருந்தாள். நான்காவதாக வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னிடம் வந்து, "சார், நான் கோட்டை மிதிக்கலையே, சரியாத்தானே ஓடினேன்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

ஸ்மாஷர் சார், உங்களிடம் ஒரே கேள்வி. 200 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் ஓட்டத்துக்கு ஸ்டாகர் எவ்வளவு?

பழைய ஸ்மாஷர்:
3.52. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், 200 மீட்டர் என்றால் 3.52 என்றுதான் போட்டிருக்கும். ஒரு பெண் தோற்றதற்கு ஒருங்கிணைப்பாளரைக் குற்றம் சொல்வது நம் ஆட்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நான் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு முடித்தவன். 1961-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே படித்துவிட்டு வந்தவனை மறுபடி ஒரு பள்ளிக்கூட ஹாலில் உட்கார வைத்து, ஸ்லைடு காட்டி, மதியம் தயிர் சாதம் போட்டு அனுப்புவதற்குப் பெயர் பயிற்சியா?

கோட்டுக்காரர்:
உங்கள் புத்தகத்தில் அது 400 மீட்டர் டிராக்குக்குப் போட்டிருக்கிறது. பக்கத்தின் தலைப்பையும் படியுங்கள். பாட்டியாலாவில் தந்தது கோச் ஆவதற்கான படிப்பு. 40 பள்ளிகளின் நுழைவுப் படிவத்தைச் சரிபார்க்கவும், ஹீட்ஸ் (முதல்கட்ட ஓட்டங்கள்) பிரிக்கவும், ஃபிக்ஸ்சர் (யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை) போடவும் அங்கே சொல்லித் தந்தார்களா? 13 அணி வந்தால் எத்தனை 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது), எந்தப் பாதியில் எத்தனை? கேட்டால் "சீட்டுக் குலுக்கிப் போடலாம்" என்பீர்கள். மூன்று பை, மேல் பாதியில் ஒன்று, கீழ்ப் பாதியில் இரண்டு. இதுகூடத் தெரியாமல் போன வருஷம் ஒரு இடத்தில் ஒரே அணிக்கு இரண்டு சுற்று பை விழுந்தது.

கேள்வி அப்படியே நிற்கிறது. 7.04ஆ, 3.52ஆ?

பழைய ஸ்மாஷர்:
3.52.

கணக்கு வாத்தியார்:
நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை, கணித ஆசிரியர். ஆனால் இது என் பாடம், அதனால் வருகிறேன். ஒரு முழுச் சுற்றில் எத்தனை வளைவு இருந்தாலும் மொத்தம் ஒரு முழு வட்டம்தான். உள் லேனில் ஓடுபவரின் ஆரத்துக்கும் வெளி லேனில் ஓடுபவரின் ஆரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 2π-ஆல் பெருக்கினால் ஸ்டாகர் வந்துவிடும். மைதானம் 400 மீட்டரா 200 மீட்டரா என்பதே இந்தக் கணக்கில் நுழையாது. ஆகவே 3.52 தவறு. இதில் கோட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் 7.04-ம் அங்கே சரியில்லை. முதல் லேனை உள் விளிம்பில் இருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பது, அங்கே உயர்த்திய கட்டை இருந்தால் மட்டும். மற்ற லேன்களுக்கு 20 செ.மீ. லேன் அகலம் 1.22 என்றால் வித்தியாசம் 1.12, அதில்தான் 7.04 வருகிறது. பள்ளி மைதானத்தில் கட்டை ஏது? வெறும் சுண்ணாம்புக் கோடு. கோடு மட்டும் என்றால் முதல் லேனையும் 20 செ.மீ. தள்ளித்தான் அளக்க வேண்டும். அப்போது வித்தியாசம் முழு 1.22. ஸ்டாகர் 7.67.

பழைய ஸ்மாஷர்:
ஆகா! 22 வருஷ அனுபவம் என்று மார் தட்டுபவரே தப்பாகச் சொல்லியிருக்கிறார். கோட்டுக்காரரே, நீங்கள் எந்தப் பயிற்சிக்குப் போனீர்கள்? பயிற்சிக்குப் போன பிறகும் இந்தக் கதி என்றால் நான் சொன்னதுதானே சரி?

கோட்டுக்காரர்:
கணக்கு சார், பி.டி. பீரியடை வாங்கி அல்ஜீப்ரா நடத்தும் ஆட்கள் இன்று டிராக் போடவும் வந்துவிட்டீர்கள். சந்தோஷம். 7.04 என்பது நான் படித்த காலத்தில் இருந்து போட்டுவரும் அளவு. இந்த மாநிலத்தில் நான் போகாத மாவட்ட மைதானம் இல்லை, எல்லா இடத்திலும் 7.04-தான். அத்தனை பேரும் தப்பா?

கணக்கு வாத்தியார்:
நான் பி.டி. பீரியடை வாங்கியதே இல்லை. என் பள்ளியில் விசாரித்துக்கொள்ளலாம். கட்டை இல்லாத டிராக்கில் 7.04 போட்டால் இரண்டாவது லேனில் இருந்து கடைசி லேன் வரை எல்லோரும் 63 செ.மீ. கூடுதலாக ஓடுவார்கள். முதல் லேன்காரருக்கு மட்டும் லாபம். 63 செ.மீ. என்பது குட்டிப் பெண்களின் ஓட்டத்தில் ஒரு இடம்.

கோட்டுக்காரர்:
63 செ.மீ. பற்றிப் பேசுகிறீர்கள், நான் 19 மீட்டர் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் ஒன்றா? 7.04.

நந்தனம் 94:
இந்தச் சண்டையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் எங்கள் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை, இப்போது நந்தனத்தில் இருப்பதை, தொடங்கியபோது இந்த நாட்டில் உடற்கல்வி என்று ஒரு படிப்பு இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவர்தான். நாங்கள் படித்தபோது காலை ஐந்தரைக்குப் பனியில் கயிறு பிடித்து, ஆணி அடித்து, மூன்று தடவை அழித்து அழித்து டிராக் போட்டோம். தப்பு இருந்தால் சாப்பாடு கிடையாது. அப்படிப் படித்தவனுக்குப் பயிற்சி வேண்டியதில்லை. மற்ற இடங்களில் படித்தவர்களுக்கு வேண்டுமானால் வையுங்கள்.

காரைக்குடிக்காரன்:
"மற்ற இடங்கள்" என்றால்? நேராகப் பெயரைச் சொல்லுங்களேன். காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்த நாங்கள் என்ன தெருவிலா டிராக் போட்டோம்? ஒவ்வொரு தடவையும் இதே நந்தனம் பாட்டு.

நந்தனம் 94:
நான் யார் பெயரையும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் உறைக்கிறது?

காரைக்குடிக்காரன்:
உங்கள் காலத்தில் பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) ஒரே வருஷம். 2014-ல் ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில் விதியை மாற்றிய பிறகு நாங்கள் இரண்டு வருஷம் படித்தோம். யாருக்குக் கூடுதல் படிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நந்தனம் 94:
வருஷம் கூடினால் வேலை தெரிந்துவிடுமா தம்பி?

காரைக்குடிக்காரன்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 38 வயது.

கோகோ செல்வி:
நான் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக சுண்ணாம்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒருங்கிணைப்பாளருக்குப் பயிற்சி என்றால் ஸ்டாகர் மட்டுமா?

சுண்ணாம்பு என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு போட்டியில் சரியாக நீறாத சுண்ணாம்பை ஈரத் தரையில் போட்டுக் கோடு இழுத்தார்கள். வெறுங்காலில் ஓடிய பிள்ளைகளுக்குப் பாதம் வெந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு பாட்டில் டெட்டால், ஒரு காய்ந்த பஞ்சு, அவ்வளவுதான்.

இன்னொன்று. பதினோரு பெண் பிள்ளைகளை வெளி மாவட்டத்துக்கு அழைத்துப் போனேன். தங்க வைத்தது ஒரு பள்ளி வகுப்பறையில். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலை நாலு மணியில் இருந்து ஆறரை வரை என் துப்பட்டாவை வாசலில் குறுக்கே பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "ஒரு ராத்திரிதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. பிள்ளைகளை வெளியூரில் தங்க வைப்பவருக்கு அந்தச் சட்டத்தில் தன் பொறுப்பு என்ன என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்களா? பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக் கொண்டுவந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலில் மயங்கி விழுந்த பையனை முதலில் எங்கே தூக்கிப் போக வேண்டும்? பயிற்சியில் எனக்கு வேண்டியது இதெல்லாம்.

சரி, ஸ்டாகருக்கும் ஒரு வார்த்தை. கணக்கு சார் சொன்ன 7.67-தான் சரி. நான் அப்படித்தான் போடுகிறேன்.

பழைய ஸ்மாஷர்:
டீச்சரே சொல்லிவிட்டார், 7.04 தப்பு என்று. கோட்டுக்காரர் இப்போது என்ன சொல்கிறார்?

கோட்டுக்காரர்:
செல்வி மேடம், தாழ்ப்பாள் விஷயம் உண்மையிலேயே வேதனையானது. அதற்காகத்தான் பயிற்சி வேண்டும் என்று நான் முதலில் இருந்து கத்துகிறேன். ஆனால் நீங்களும் 7.67 என்று சொல்லி ஸ்மாஷருக்கு அவல் கொடுத்துவிட்டீர்களே. இவ்வளவு நேரமாக அவர் 3.52-ஐத் திரும்பப் பெறவில்லை, அதை யாரும் கேட்கவில்லை. என்னைப் பிடித்து உலுக்குகிறீர்கள்.

என் பள்ளியில் உள் லேன் ஓரமாக வரிசையாகச் செங்கல் பதித்திருக்கிறோம். அப்போது கட்டை இருக்கிறதா இல்லையா? 7.04.

கணக்கு வாத்தியார்:
செங்கல் தரைக்கு மேலே தெரிகிறதா, தரையோடு தரையாக இருக்கிறதா?

கோட்டுக்காரர்:
அது உங்களுக்கு எதற்கு?

கணக்கு வாத்தியார்:
தரையோடு இருந்தால் அது கோடு. 7.67.

கோகோ செல்வி:
நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

பழைய ஸ்மாஷர்:
மேடம், அதெல்லாம் கூடப் போகும் ஆசிரியைகள் பார்த்துக்கொள்ள வேண்டியது. போட்டி நடத்துபவரின் வேலை போட்டி நடத்துவது.

கோகோ செல்வி:
இந்த ஒரு வரிக்காகவே ஐந்து நாள் போதாது, பத்து நாள் வைக்க வேண்டும். பத்து நாளும் உங்களை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

பழைய ஸ்மாஷர்:
வைத்துப் பாருங்கள். பள்ளிகளுக்கான பாரதியார் தினப் போட்டியை எத்தனை வருஷம் ஒரு புகார் இல்லாமல் நடத்தினேன் என்று என் மாவட்டத்தில் கேளுங்கள்.

கோட்டுக்காரர்:
புகார் இல்லையா? வாலிபால் அரையிறுதியில் நெட் உயரத்துக்கு நான் எழுத்தில் கொடுத்த புகார் யார் மேஜை டிராயரில் கிடக்கிறது? ஆண்களுக்கு 2.43 மீட்டர் என்று ஊருக்கே பாடம் எடுப்பவர், அன்றைக்கு நெட் நடுவில் தொங்கியதை அளக்கவே மறுத்தீர்கள். கையால் எட்டிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்றீர்கள்.

பழைய ஸ்மாஷர்:
ஓ, அந்தக் கோட்டுக்காரரா நீங்கள்! உங்கள் அணி தோற்ற வயிற்றெரிச்சலை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிகிறீர்களா? இப்போது புரிகிறது, ஸ்டாகர் கதை எங்கே இருந்து கிளம்பியது என்று.

கோட்டுக்காரர்:
அந்த நெட் எத்தனை செ.மீ. தொங்கியது என்று முதலில் சொல்லுங்கள். பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம்.

நந்தனம் 94:
நெட்டை நடுவில்தான் அளக்க வேண்டும். பக்கக் கோடுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் சம உயரம் இருக்க வேண்டும், அது குறித்த உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. எங்கள் கல்லூரியில் இது முதல் வாரப் பாடம்.

காரைக்குடிக்காரன்:
மறுபடி கல்லூரியா?

பழைய ஸ்மாஷர்:
கோட்டுக்காரரே, அன்றைக்கு அளவுகோல் யாரிடமும் இல்லை. உங்களிடமும் இல்லை.

கோட்டுக்காரர்:
என் பையில் டேப் இருந்தது. நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. சாட்சி இருக்கிறது, பெயர் சொல்லட்டுமா?

கோகோ செல்வி:
அந்தக் குளியலறைக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. போன மாதமும் அதே பள்ளியில்தான் பெண்களைத் தங்க வைத்தார்கள்.

பழைய ஸ்மாஷர்:
சொல்லுங்கள் கோட்டுக்காரரே, பெயரைச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.